கரைத் தூண்டிலுக்கு எந்த ஹெட்லேம்ப்? இரவில் மீன் பிடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எண்ணூரிலிருந்து கன்னியாகுமரி வரை மணல் கரையிலும், முகத்துவாரங்களிலும், தூண்டில் வளைவுக் கற்களிலும் (அலைத் தடுப்பாகக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல்வரிசை) ராத்திரி ராடு, அதாவது தூண்டில் கம்பு, போடுகிறவர்களுக்காக எழுதியது இது. படகில் போகிறவர்களின் தேவை வேறு. அது இங்கே இல்லை.

எத்தனை லூமென் இருந்தால் போதும்?

லூமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். கரையில் விளக்கு தேவைப்படும் வேலையில் முக்கால்வாசி கைக்கெட்டும் தூரத்தில்தான் நடக்கிறது: இறாலைத் தூண்டில் முள்ளில் கோர்ப்பது, முடிச்சுப் போடுவது, சிக்கல் பிரிப்பது, மீன் வாயிலிருந்து முள் எடுப்பது. இதற்கெல்லாம் 20 முதல் 40 லூமென் தாராளம். கல் மேல் நடக்க 100, 150 வேண்டும். பெரிய மீனை அலையிலிருந்து ஏற்றும்போது சில நொடிகளுக்கு 250, 300 இருந்தால் நல்லது. அதற்கு மேலே இருப்பதற்குக் காசு கொடுக்கலாம், ஆனால் அந்த வெளிச்சத்தைப் போடும் சந்தர்ப்பம் அபூர்வம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச வெளிச்சம். மிகக் குறைந்த நிலையில் எத்தனை லூமென் என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். கரைத் தூண்டிலுக்குப் பார்க்க வேண்டியது அதைத்தான். 5 லூமென் அல்லது அதற்கும் கீழே இறங்கும் விளக்கு கிடைத்தால் விடாதீர்கள். "லோ" என்று சொல்லி 80 லூமென் அடிக்கிற விளக்குகள் நிறைய உண்டு. வெள்ளைத் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடும்போது அந்த வெளிச்சம் கண்ணைத்தான் குத்தும்.

கடையில் 10,000 லூமென் என்று எழுதி 600 ரூபாய்க்கு விற்கிறார்களே?

பொய். ஒரே ஒரு 18650 பேட்டரியில் (திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் உருளை லித்தியம் செல்) ஓடும் நல்ல ஹெட்லேம்ப் ஆயிரம் லூமெனைத் தாண்டினாலே பெரிய விஷயம். அதையும் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. சூடேறியதும் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றே வீசாத நம் ஊர்ப் புழுக்க ராத்திரியில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஒழுங்கான தயாரிப்பாளர்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையின்படி எண்களைப் போடுவார்கள். அந்த எண்களையும் கொஞ்சம் விவரம் தெரிந்துதான் படிக்க வேண்டும். "100 மணி நேரம் எரியும்" என்றால், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம் அது. அதே வெளிச்சத்தில் 100 மணி நேரம் எரியும் என்று அர்த்தமில்லை. "200 மீட்டர் தூரம்" என்றால், 200 மீட்டரில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. அந்த வெளிச்சத்தில் மிதப்பைத் தேட முடியாது. தூரத்தை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவு நாலு மடங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், தூரத்துக்காகக் காசு கொடுப்பது எவ்வளவு வீண் என்று புரியும். நீங்கள் எறிந்த ஈயக் குண்டு 70, 80 மீட்டரில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அங்கே வெளிச்சம் அடித்து என்ன பார்க்கப் போகிறோம்?

சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டுமா?

என்னைக் கேட்டால், வேண்டும். ஆனால் எல்லா வேலைக்கும் அது ஆகாது.

இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆகும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு அடர் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் குறைந்த சிவப்பில் இரை மாற்றிவிட்டு நிமிர்ந்தால், அலை உடையும் கோடும் ராடு முனையும் முன்பு போலவே தெரியும். பளீரென்ற வெள்ளையைப் போட்டு அணைத்தால், அடுத்த பல நிமிடங்களுக்கு எதிரே கறுப்புச் சுவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கோபப்பட மாட்டார், அது தனி நன்மை.

சிவப்பு காட்டிக்கொடுக்காத விஷயங்களும் உண்டு. ரத்தம் சரியாகத் தெரியாது. கையில் முள் ஏறியிருந்தால் எவ்வளவு ஆழம் என்று கணிக்க முடியாது. நரம்பில் கோர்க்கும் சிவப்பு மணி, சிவப்பு பிரெய்டு (பின்னல் நரம்பு) எல்லாம் வெளிறிப்போய்த் தெரியும். மிக முக்கியமாக, எந்த மீன் ஏறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ராத்திரியில் கரையில் ஏறுவதெல்லாம் கொடுவாவும் விளமீனுமாக இருப்பதில்லை. கடல் கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்களும் விஷமுள்ளவை. திருக்கையின் வால் முள் அதைவிட மோசம். விலாங்கு என்று நினைத்துத் தூக்கியது வால் தட்டையான கடல் பாம்பாக இருக்கலாம். ஆகவே மீன் கரைக்கு வந்ததும் முதலில் வெள்ளை வெளிச்சம், அப்புறம் கை. பாம்பு என்றால் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள், தூண்டில் முள்ளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கெளுத்தியோ திருக்கையோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், அதாவது சுமார் 45 டிகிரி வெந்நீரில் காயத்தை முக்கி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: சிவப்புக்குப் போகும் வழி. சில விளக்குகளில் ஒரே பொத்தான். வெள்ளை உச்சம், நடுத்தரம், குறைவு எல்லாவற்றையும் தாண்டித்தான் சிவப்பு வரும். அப்படிப்பட்ட சிவப்பு இருந்தும் பயனில்லை, ஒவ்வொரு முறையும் கண்ணைக் கெடுத்துவிட்டுத்தான் வரும். தனிப் பொத்தானில், அல்லது நீண்ட அழுத்தத்தில், நேராகச் சிவப்பு எரிய வேண்டும். ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் இது மாறும். பெட்ஸல் டிக்கினாவில் சிவப்பே இல்லை, அதற்கு மேல்படியான டிக்காவில் உண்டு. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

பச்சை, நீலம், யூவி எல்லாம்?

பச்சை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் இருட்டுப் பழக்கத்தைச் சிவப்பளவு காப்பாற்றாது. நீலம் தேவையில்லை. யூவி ஒளிரும் நரம்பையும் மினுங்கும் மணிகளையும் காட்டும். ஆசைப்பட்டால் தனியாகச் சின்ன டார்ச் வாங்கிக்கொள்ளலாம், ஹெட்லேம்பில் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வெளிச்சம் பட்டால் மீன் ஓடிவிடுமா?

இந்தக் கேள்விக்குக் கரையில் பத்துப் பேரைக் கேட்டால் பத்து பதில் வரும். பாலத்து விளக்கு, துறைமுக விளக்கு போல அசையாமல் எரிகிற வெளிச்சம் சின்ன உயிர்களையும் பொடி மீனையும் கூட்டும். அதைத் தேடி வரும் கொடுவாவும் சீலாவும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் காத்திருக்கும். அங்கே எறிந்து பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தலையில் இருக்கும் விளக்கு அசையாமல் இருப்பதில்லை. நீங்கள் திரும்பும்போதெல்லாம் தண்ணீர் மேல் பாய்ந்து பாய்ந்து போகும். தெளிந்த, ஆழம் குறைந்த, அலையில்லாத தண்ணீரில் அது நிச்சயம் மீனைக் கலைக்கும். முகத்துவாரத்தில் முழங்கால் ஆழத்தில் கொடுவா தேடுகிறவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பும் முன்பே விளக்கை அணைப்பது நல்லது. கலங்கிய அலைக்கரையில் 60 மீட்டர் தள்ளி ஈயம் போட்டவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஆனாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரை மாற்றும் பழக்கம் எல்லோருக்கும் நல்லதுதான். அலை வரும் சத்தத்தில் மட்டும் ஒரு காது இருக்கட்டும்.

விளக்கை அணைத்துவிட்டால் ராடு முனை ஆடுவதை எப்படிப் பார்ப்பது?

முனையில் மினுங்கும் குச்சி கட்டலாம், சின்ன மின்கலக் குச்சி பொருத்தலாம், மணி கட்டலாம். இதையெல்லாம்விடச் சுலபமானது பிரதிபலிப்பு டேப். சைக்கிள் மட்கார்டில் ஒட்டுவார்களே, அதுதான். மேல் முனையில் விரல் அகலத்துக்கு இரண்டு இடத்தில் சுற்றிவிடுங்கள். அந்த டேப் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஹெட்லேம்ப் கண்ணுக்கு மேலேயே இருப்பதால், 5 லூமெனில்கூட முனை பளிச்சென்று தெரியும். கையில் பிடித்த டார்ச்சில் இவ்வளவு நன்றாகத் தெரியாது.

ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்7, ஐபிஎக்ஸ்8: எது வாங்க?

விளக்கு தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தரக்குறி இது. 4 என்றால் நாலா பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 அதைவிட ஆழம். எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். மணல் கரையில் நின்று பிடிப்பவருக்கு 4 சமாளிக்கும். கல்லில் ஏறுபவரும் அலைக்குள் இறங்குபவரும் 7க்குக் கீழே போக வேண்டாம். எக்ஸ் இருக்கும் இடத்தில் 6 இருந்தால், உதாரணமாக ஐபி67, தூசிக்கும் அடைப்பு உண்டு என்று பொருள். மணலுக்கு அது கூடுதல் தைரியம்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்பு அரிப்பைப் பற்றி இந்த எண்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. தண்ணீர் உள்ளே போகாத விளக்கிலும் வெளியே இருக்கிற திருகு, ஸ்பிரிங், சார்ஜிங் துளை எல்லாம் பச்சை பூத்துப்போகும். கரையில் சாகிற ஹெட்லேம்புகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது அந்த உப்புதான்.

அப்படியானால் உப்பிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

வீட்டுக்கு வந்ததும் மூடிகளை இறுக்கி மூடிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுக் கழுவுங்கள். பட்டையைக் கழற்றித் தனியாக அலசுங்கள். அது உப்பும் வேர்வையும் குடித்துக் கிடக்கும், காய்ந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நிழலில் காயவையுங்கள். சார்ஜிங் துளை முழுசாகக் காயாமல் சார்ஜர் சொருகவே கூடாது. ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சின்னத் தகடுகளை ஒரே ராத்திரியில் தின்றுவிடும். திருகு மூடி இருந்தால் அதன் ரப்பர் வளையத்தில் மணல் இல்லாமல் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள்.

காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் உள்ள விளக்குகள் பார்க்க வசதியாக இருக்கும். மணவாளக்குறிச்சி போலக் கருமணல் உள்ள கரைகளில் அது தொல்லை. மணலில் கலந்திருக்கும் இரும்புத் தாது அந்தக் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. குமரிக் கடற்கரைக்காரர்கள் சாதாரண ரப்பர் மூடித் துளை உள்ளதையே எடுங்கள்.

பேட்டரி: உள்ளேயே வைத்ததா, 18650யா, ட்ரிப்பிள் ஏவா?

மாதத்துக்கு ஒரு ராத்திரி போகிறவருக்கு மூன்று ட்ரிப்பிள் ஏ போடும் விளக்கு நல்லது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், பாதி ராத்திரியில் மாற்றலாம். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆல்கலைன் கசிந்தால் விளக்கே போச்சு.

வாராவாரம் போகிறவர்களுக்கு 18650. வெளிச்சம் கடைசிவரை பெரிதாகக் குறையாமல் நிற்கும், உபரி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். செல் மட்டுமே 45 கிராமுக்கு மேல் இருக்கும், நெற்றியில் அந்தப் பாரம் தெரியும். பேட்டரி தலைக்குப் பின்னால் இருக்கும் வகையோ, உச்சிப் பட்டை உள்ளதோ பாருங்கள். உபரி செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். முள், ஈயம், ஸ்விவல் கிடக்கும் பையில் அதைச் சும்மா போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

கழற்ற முடியாத பேட்டரி உள்ளவை இலேசானவை, விலையும் குறைவு. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குத் தீர்ந்தால் பவர்பேங்க் சொருகிக்கொண்டு ஈரக்கையோடு நிற்க வேண்டும். இதை முதல் விளக்காக நான் சொல்ல மாட்டேன். இரண்டாவதாக, சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நல்லது.

9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 கிடைக்கிறதே?

எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு. அந்த அளவுக் கூட்டுக்குள் நல்ல கம்பெனிகளே 3500ஐ ஒட்டித்தான் அடைக்கின்றன. 9900 என்று எழுதியிருப்பதே அதைத் தொடாமல் இருக்கப் போதுமான காரணம்.

கையை ஆட்டினால் எரியும் சென்சார் உள்ளது வசதிதானே?

இரை நாற்றமடிக்கும் கையால் பொத்தானைத் தொட வேண்டாம் என்ற அளவில் வசதி. ஆனால் எறியும்போது கையும் ராடும் நெற்றிக்கு முன்னால்தான் போகின்றன, அப்போதெல்லாம் விளக்கு எரியும், அணையும். சென்சாரை முற்றிலும் அணைத்து வைக்க வழி இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். பையில் அழுந்தித் தானாக எரியாமல் இருக்கப் பூட்டு வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். எரிந்து தீர்ந்துபோன விளக்கோடு கரைக்குப் போய் நிற்பது பலருக்கும் நடப்பதுதான்.

தொப்பி போட்டால் நிழல் விழுகிறது, கண்ணாடி போட்டால் கூசுகிறது. என்ன செய்ய?

தொப்பியைத் திருப்பிப் போடுங்கள், அல்லது விளக்கைத் தலையிலேயே மாட்டாதீர்கள். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டால் வெளிச்சம் நேராகக் கையில் விழும், கண்ணாடியில் பட்டுத் திரும்பாது, எதிரே நிற்பவர் கண்ணிலும் அடிக்காது. இரை கோர்க்கவும் முடிச்சுப் போடவும் இதுதான் சிறந்த இடம். நடக்கும்போது மட்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

வெளிச்சம் ஒரே இடத்தில் குவிந்து அடிக்கிற விளக்கு ஏற்கெனவே கையில் இருந்தால், லென்ஸ் மேல் மங்கலான ஒட்டு டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். வெளிச்சம் பரவி இதமாகிவிடும். சிவப்பு இல்லாத விளக்குக்குச் சிவப்பு ஜிகினாத் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டில் கட்டினாலும் வேலை நடக்கும்.

பூச்சி முகத்தில் மொய்க்கிறது.

நீலம் கலந்த குளிர் வெள்ளைக்குப் பூச்சி அதிகம் வரும், மஞ்சள் சாய்ந்த வெள்ளைக்குக் குறைவு, சிவப்புக்கு மிகக் குறைவு. கழுத்தில் மாட்டினால் வருகிற பூச்சியும் வாய்க்குள் போகாது.

தூண்டில் வளைவுக் கற்களில் ஏற எதைக் கவனிக்க வேண்டும்?

திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கமும் குமரி மாவட்ட மீனவ ஊர்களிலும் கடலுக்குள் நீளும் இந்தக் கற்களில்தான் நல்ல மீனும் இருக்கிறது, நல்ல அடியும் இருக்கிறது. பாசி பிடித்த கல்லும் வெறும் ஈரக் கல்லும் நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். நெற்றியிலிருந்து அடிக்கும் விளக்கு நிழலை மறைத்துவிடுவதால் இடைவெளிகளின் ஆழமும் தெரியாது. இங்கே இரண்டு விளக்கு வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: தலையில் ஒன்று, இடுப்பளவில் கையில் ஒன்று. பக்கவாட்டில் தாழ அடிக்கும் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் பிரித்துக் காட்டும். ஒன்று கடலில் விழுந்தாலும் திரும்பி வர இன்னொன்று இருக்கும். செல்போன் டார்ச்சை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது எந்த விளக்கையும்விட உதவும்.

ஆமை சீசனில் விளக்கு போடலாமா?

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் மணல் கரைகளில் ஏறி முட்டையிடும். வெள்ளை வெளிச்சம் கண்டால் கரையேற வந்த ஆமை திரும்பிவிடும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துப் பொரித்து வரும் குஞ்சுகள், கடல் என்று நினைத்து வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இந்த மாதங்களில் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். அவர்கள் விளக்கை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள். ஆமையைப் பார்த்தால் அதன் முகத்துக்கு வெளிச்சம் அடிக்காமல், போட்டோ எடுக்காமல், சத்தமில்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு உள்ள உயிர் அது. அந்தச் சில மாதங்கள் மணல் கரையில் குறைந்த சிவப்போடு மட்டும் இருந்துவிடலாம்.

விட்டுவிட்டு மின்னும் நிலை எதற்கு?

ஆபத்தில் உதவி கேட்க. விளையாட்டுக்கு அல்ல. ராத்திரி கரைக்கு வரும் ஃபைபர் போட்டும் வள்ளமும் கரை விளக்குகளை அடையாளம் வைத்துத்தான் அலை உடையும் இடத்தைக் கடக்கின்றன. அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் கண்ணில் நீங்கள் 500 லூமென் அடித்தால் அவர் அலையைப் பார்க்க முடியாது. கடலைப் பார்த்து விளக்கை மின்னவிட்டால் கடலோரக் காவல் ரோந்தும் வந்து நிற்கும். ராமேசுவரம் பக்கம் அதற்கான விளக்கம் சொல்லியே ராத்திரி போய்விடும். படகுச் சத்தம் கேட்டால் தலையைக் குனியுங்கள் அல்லது அணையுங்கள்.

விளக்கு வைத்து மீன் பிடிக்கத் தடை என்கிறார்களே, ஹெட்லேம்ப் அதில் வருமா?

2017 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த தடை, இந்தியப் பொருளாதார மண்டலக் கடலில் படகுகள் எல்இடி விளக்கு எரித்து மீனைக் கூட்டி வலை போடுவதைப் பற்றியது. கையைப் பார்க்கத் தலையில் மாட்டும் விளக்கு வேறு விஷயம். ஆனால் தண்ணீருக்குள் பச்சை விளக்கு இறக்குவது போன்ற சோதனைகளை உள்ளூர் மீனவர்கள் ரசிப்பதில்லை. அவர்கள் ஊர்க் கரையில் அதைச் செய்யாதீர்கள்.

கடையிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்?

கையை நனைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். வழுக்குகிறதா, விரலுக்குத் தெரிகிறதா பாருங்கள். அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்: கடைசியாக வைத்த நிலையிலேயே எரிகிறதா, இல்லை ஒவ்வொரு முறையும் உச்சத்தில் பளீரிடுகிறதா? தலையைக் குனியாமலே வெளிச்சம் உள்ளங்கையில் விழும் அளவுக்கு விளக்குச் சாய்கிறதா, சாய்ந்த இடத்தில் நிற்கிறதா? எறிவது போல் தலையைச் சட்டென்று திருப்புங்கள், வழுக்கிக் கீழே இறங்கினால் பட்டை சரியில்லை. சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி நகத்தால் திறக்கும் அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். சும்மாவே தொங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, மிகக் குறைந்த நிலையில் எரியவிட்டு ஒரு அடி தூரத்தில் உங்கள் உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். கண் கூசாமல் ரேகை தெரிந்தால் முடிச்சும் தெரியும்.